எலியின் நுரையீரலில் கரும்புள்ளிகள்

புற்றுநோயில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது முதலில் தோன்றிய கட்டி அல்ல. அதிலிருந்து கிளம்பி, ரத்தத்தோடு போய், வேறு உறுப்பில் குடியேறும் செல்கள்தான். சரி, அவை ஏன் எல்லா உறுப்பிலும் குடியேறுவதில்லை?

லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் 1889இல் இதைக் கேட்டார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளைப் புரட்டியபோது, கல்லீரலில் நோய் அடிக்கடி பரவியிருந்தது, மண்ணீரலில் அபூர்வம். விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். ரத்தம் முதலில் போய்ச் சேரும் இடத்தில் செல்கள் சிக்கிக்கொள்கின்றன, அவ்வளவுதான் என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள்.

இந்த வழக்கைத் தீர்க்க எலி வந்தது. பி16 என்பது எலியின் தோலில் உண்டான மெலனோமா புற்றுச் செல் வகை. அதை எலியின் வாலிலுள்ள ரத்தக் குழாயில் ஊசியால் ஏற்றுவார்கள். ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் வழியாக நேரே நுரையீரலுக்குப் போகும். சில வாரம் கழித்து நுரையீரலை எடுத்துப் பார்த்தால், இளஞ்சிவப்புத் திசுவின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். செல்லிலேயே கறுப்பு நிறமி இருப்பதால் சாயம் எதுவும் வேண்டாம், கண்ணாலேயே எண்ணிவிடலாம். இப்படி ஏற்றிய செல்களில் ஆயிரத்துக்கு ஒன்றுகூடத் தப்பிப் பிழைப்பதில்லை என்பதைக் கதிரியக்க அடையாளமிட்டு 1970இல் காட்டியவர் ஐசையா ஃபிட்லர்.

ஆனால் நுரையீரல்தான் முதல் நிறுத்தம் ஆயிற்றே! மறுப்பவர்கள் சொன்னதும் அதுதானே? 1980இல் இயன் ஹார்ட்டும் ஃபிட்லரும் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நுரையீரல், சூலகம், சிறுநீரகம் ஆகியவற்றின் துணுக்குகளை எலிகளின் தொடைத் தசையில் ஒட்டி வளர்த்தார்கள். அப்புறம் ரத்தத்தில் பி16 செல்களை ஏற்றினார்கள். நுரையீரல், சூலகத் துணுக்குகளில் கட்டி வளர்ந்தது. அதே தொடை, அதே ரத்தம், ஆனால் சிறுநீரகத் துணுக்கில் வளரவில்லை. பேஜெட் சொன்ன மண், தொடைக்குள்ளேயே தெரிந்தது.

வால் ஊசியில் பெரிய குறை ஒன்று உண்டு. கட்டியிலிருந்து செல் பிரிவதும் ரத்தக் குழாயைத் துளைத்து நுழைவதும் அதில் நடப்பதே இல்லை. நாமே உள்ளே விட்டுவிடுகிறோம். அந்த முதல் பாதிக்கு, எலியின் மார்பகக் கொழுப்புத் திசுவில் 4டி1 என்ற எலி மார்பகப் புற்றுச் செல்களை வைத்து, கட்டி தானாகப் பரவும்வரை காத்திருக்கிறார்கள். துளைத்து நுழையும் திறனை மட்டும் அறிய, 8 மைக்ரான் துளைகள் கொண்ட சவ்வின்மேல் புரதக் கூழ் பூசி, எத்தனை செல்கள் மறுபக்கம் வருகின்றன என்று எண்ணினால் போதும்.

எலியைக் கொன்றுதான் நுரையீரல் புள்ளிகளை எண்ண முடியும், அதுவும் ஒரே ஒருமுறை. 2008இல் உருவான காஸ்பர் என்ற வரிக்குதிரை மீன் வளர்ந்த பிறகும் கண்ணாடிபோல இருக்கும். கறுப்பு மெலனோமா செல்களை அதற்குள் வைத்தால், மீன் உயிரோடு இருக்கும்போதே, அவை நாளுக்கு நாள் எதுவரை போயிருக்கின்றன என்று பார்க்கலாம்.