வேலிச் செடியை எப்போது வெட்டலாம்? இங்கிலாந்தில் வீடும் தோட்டமும் உள்ளவர்களுக்கு

"மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஹெட்ஜில் கை வைக்கக் கூடாது, அது சட்டம்" என்று யாராவது மிரட்டினால் பதறாதீர்கள். அந்தத் தேதித் தடை 2024இல் வந்த விதிகளில் இருப்பது உண்மைதான். ஆனால் அது விவசாய நிலத்து வேலிகளுக்கு மட்டும். வீட்டுத் தோட்டத்துக்கு இல்லை. பறவைகளுக்காகப் பாடுபடும் ஆர்எஸ்பிபி அமைப்பு அந்த மாதங்களில் வெட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. அது வேண்டுகோள், நல்ல வேண்டுகோளும்கூட.

வீட்டுத் தோட்டத்தில் உங்களைச் சிக்கவைப்பது கூடு. பறவை கட்டிக்கொண்டிருக்கும் கூட்டையோ, குடியிருக்கும் கூட்டையோ வேண்டுமென்றே கலைத்தால் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. எந்த மாதம் என்பது பொருட்டே இல்லை. செப்டம்பர் வந்துவிட்டதே என்று மெஷினை எடுப்பவர்கள் கவனியுங்கள்: மரப்புறா அக்டோபரிலும் குஞ்சு வைத்திருக்கும். புறாதானே என்று சொல்லித் தப்ப முடியாது.

இதில் அதிகம் அடிபடுகிறவர்கள் கூலிக்குத் தோட்ட வேலை செய்கிறவர்கள். "நீ வெட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார் வீட்டுக்காரர். போலீஸ் வந்தால் கத்தரி உங்கள் கையில் இருக்கும், அவர் உள்ளே டீ குடித்துக்கொண்டிருப்பார். அவர் சொன்னார் என்பது உங்களைக் காப்பாற்றாது. தொடங்கும் முன் இரண்டு பக்கமும் நின்று பாருங்கள். வாயில் புழுவோடு ஒரு பறவை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நுழைந்தால், அங்கே கூடு இருக்கிறது. வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். வாய்ப்பேச்சு சாட்சிக்கு வராது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதே சொல்தான். மே மாதத்தில் "ஒரு வாரத்தில் வெட்டாவிட்டால் டெபாசிட்டில் கழிப்போம்" என்று ஏஜென்ட் கடிதம் போட்டால், தூரத்தில் நின்று எடுத்த படத்தோடு மின்னஞ்சலில் பதில் போடுங்கள். குஞ்சு பறந்ததும் வெட்டுகிறேன் என்று அதிலேயே எழுதுங்கள். படத்துக்காகக் கிளையை விலக்கித் தாய்ப்பறவையை விரட்டிவிடாதீர்கள்.

நடைபாதையை மறைக்கிறது என்று கவுன்சில் நோட்டீஸ் வந்தால் மட்டும் சும்மா இருக்கக் கூடாது. 14 நாள்தான் தவணை. விட்டால் அவர்களே வெட்டி, பில்லை உங்களுக்கு அனுப்புவார்கள். கூடு இருந்தால் தவணைக்குள் எழுத்தில் சொல்லுங்கள். மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

யாரோ கூட்டை நாசமாக்குவதைப் பார்த்தால் எங்கே போவது? கவுன்சிலைக் கூப்பிட்டால் எங்கள் வேலை இல்லை என்பார்கள். தொண்டு அமைப்பு போலீஸைக் கூப்பிடச் சொல்லும். அந்தச் சுற்றே வேண்டாம். நேராகப் போலீஸின் 101 எண்ணுக்கு, கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தால் 999க்கு, அழைத்து, வனவிலங்குக் குற்றம் என்று சொல்லி, பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத புகாரை அடுத்த முறை யாரும் தேடித் தரப்போவதில்லை.

பக்கத்து வீட்டு வேலி உயர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறதா? கவுன்சிலில் புகார் தரலாம், ஆனால் பணம் கட்டும் முன் யோசியுங்கள். பல இடங்களில் கட்டணம் சில நூறு பவுண்டு, ஜெயித்தாலும் தோற்றாலும் பெரும்பாலும் திரும்பி வராது. புகார் எடுபட வேலி இரண்டு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், இரண்டு செடியாவது வரிசையாக நிற்க வேண்டும், பெரும்பாலும் இலையுதிராத வகையாக இருக்க வேண்டும். இலையுதிரும் பீச் (beech) மர வேலியும் மூங்கிலும் இதில் வராது. பக்கத்து வீட்டாரிடம் முதலில் பேசிப் பார்த்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், அதனால் கடிதங்களின் நகலை வைத்திருங்கள். ஜெயித்தாலும் இரண்டு மீட்டருக்குக் கீழே குறைக்கச் சொல்லக் கவுன்சிலுக்கே அதிகாரம் இல்லை. இதையெல்லாம் பணம் வாங்கும் முன்பே கவுன்டரில் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை எல்லைக்கோடு வரை நீங்களே வெட்டலாம், அனுமதி தேவையில்லை. சட்டப் பாதுகாப்பு உள்ள மரமா என்று மட்டும் முதலில் கவுன்சிலில் கேளுங்கள். வெட்டிய கிளை அவருடைய சொத்து. வேண்டுமா என்று கேளுங்கள், கேட்காமல் வேலிக்கு மேலே தூக்கி எறியாதீர்கள்.