சலூன் வாசனை

பேச்சு வழக்கு. சவரக் கடைக்குள் ஷேவிங் சோப்பு, டெட்டால், பவுடர், ஆஃப்டர் ஷேவ் எல்லாம் கலந்து எழும் மணம். அதிலிருந்து விரிந்து, அந்தச் சாயலில் மணக்கும் எந்தச் சவரச் சோப்பையும் குறிக்கும். (படிகாரத்தையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அதற்கு மணமே கிடையாது; கூடவே இருந்து பெயர் வாங்கிக்கொண்டது.)

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தச் சொல் இரண்டு குரலில் வரும். "சலூன் வாசனை, கமகமன்னு இருக்கு" என்றால் மெச்சுகிறார்கள். "என்னப்பா, சலூன் வாசனை அடிக்குது" என்றால் முகம் சுளிக்கிறார்கள். சோப்பு ஒன்றுதான். ஒரே சொல் இரண்டுக்கும் எப்படி இடம் கொடுக்கிறது என்பதற்கான விடை அதன் பின்பாதியில் இருப்பதால், முன்பாதியை வேகமாகத் தாண்டிவிடலாம்.

இத்தாலிய மொழியில் 'சாலா' கூடம், 'சலோனே' பெரிய கூடம். பிரெஞ்சில் அது விருந்தினரை வரவேற்கும் அறையானது. ஆங்கிலத்தின் வழியாக நம் ஊருக்கு வந்தபோது முடிவெட்டும் இடம் என்று நிலைத்துவிட்டது. இரண்டு நாற்காலி போட்டால் கதவு திறக்காத கடைக்கும் பெயர் பெரிய கூடம்தான். பலகையில் முடிதிருத்தகம் என்று எழுதியிருந்தாலும் வாயில் வருவது சலூன்.

சவரம் வடசொல். க்ஷுரம் என்றால் மழிக்கும் கத்தி, அதன் தொழில் க்ஷௌரம், அது தமிழில் சவரமானது. நகைக்கடைச் சவரனுக்கும் இதற்கும் உறவில்லை. அது ஆங்கிலேயரின் பொற்காசுப் பெயர். தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் போகவில்லை. மழித்தல் இருக்கிறது: "மழித்தலும் நீட்டலும் வேண்டா" என்பது 280ஆவது குறள். சிரைத்தல் இருக்கிறது. ஆனால் சிரைத்தல் பேச்சில் 'செரைக்கிறது' ஆகி, வசவாகி, அந்தத் தொழில் செய்பவரின் முன்னால் சொல்லவே கூடாத சொல்லாகிவிட்டது. சொல்லின் மேல் குற்றமில்லை, சொன்னவர்களின் மேல்தான். மரியாதையாகப் பேச வேண்டிய இடத்தில் சவரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மணத்துக்கும் ஏறக்குறைய இதே கதிதான். பழந்தமிழில் நாற்றம் என்றால் நல்ல மணம், அல்லது பொதுவாக மணம். ஐம்புலன்களை எண்ணும் 27ஆவது குறளில் "சுவைஒளி ஊறுஓசை நாற்றம்" என்று வருவது முகரும் புலனுக்குரியது, கெட்ட வாடையல்ல. 'துர்நாற்றம்' என்ற சொல்லே சாட்சி: நாற்றம் ஏற்கெனவே கெட்டதாக இருந்திருந்தால் 'துர்' எதற்கு? பிறகு நாற்றம் இறங்கி 'நாத்தம்' ஆனது. காலியான இடத்தை மணமும் வாசனையும் பங்கிட்டுக்கொண்டன. பங்கீடு சமமானதல்ல. வாசனைக்கு மணத்திடம் இல்லாத ஒரு பொருள் கூடுதலாக உண்டு.

வடமொழி வாசனா என்பதற்கு மணமூட்டல் என்றும் பொருள், மனத்தில் படிந்து தங்கிய சுவடு என்றும் பொருள். தத்துவக்காரர்கள் இதற்கு எள்ளை எடுத்துக்காட்டுவார்கள்: எள்ளைப் பூவோடு சேர்த்து மூடிவைத்துப் பிறகு பூவை எடுத்துவிட்டாலும் எள்ளில் மணம் நிற்கும், ஆட்டினால் எண்ணெயிலும் வரும். நம் பழமொழியில் எள்ளுக்குப் பதில் நார்: பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும். வனவாசம், சிறைவாசம் என்பதிலுள்ள வாசம் தங்குதல். 'மல்லி வாசம்' என்பதிலுள்ள வாசம் மணம். இரண்டும் ஒரே ஒலியில் வருவது தமிழ்க் காதுக்கு உறுத்துவதில்லை. 'பூர்வஜென்ம வாசனை' என்கிறோம்; எழுதப் படிக்கத் தெரியாதவரை 'எழுத்து வாசனை இல்லாதவர்' என்கிறோம். இங்கெல்லாம் மூக்குக்கு வேலையே இல்லை.

ஆக, மணம் சோப்பில் இருக்கிறது. வாசனை முகர்கிறவரிடம் இருக்கிறது. அகராதிகள் இரண்டையும் ஒன்றென்று போட்டாலும் சவரச் சோப்பைப் பற்றிப் பேசும்போது இந்தப் பிரிவைக் காப்பாற்றிக்கொள்வது பயன்தரும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் இன்னொரு சிக்கல். கன்னடத்தில் 'வாசனெ' என்று தனியே சொன்னால் பெரும்பாலும் கெட்ட மணம். நல்லதற்கு 'சுவாசனெ' என்பார்கள். தெலுங்கில் 'வாசன' எந்தப் பக்கமும் சாயாது, முன்னால் 'மஞ்சி' சேர்த்தால்தான் நல்லது. மூன்று மொழியும் புழங்கும் கடையில் நாற்காலியில் இருப்பவர் "வாசனெ" என்றால், மெச்சுகிறாரா குறை சொல்கிறாரா என்று கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி சோப்புக்கு வருவோம். சவரச் சோப்பின் உடல் ஸ்டியரிக் அமிலமும் தேங்காயெண்ணெய் போன்ற கொழுப்பும் பொட்டாசியம், சோடியம் காரங்களோடு சேர்ந்து ஆனது. கூடவே கிளிசரின். மணப்பொருள் பொதுவாக 100 கிராமுக்கு 1 முதல் 3 கிராம். அந்தச் சிறு பங்கைத்தான் மூக்கு முழுச் சோப்பாக நினைத்துக்கொள்கிறது.

உலகம் 'பார்பர் ஷாப் மணம்' என்று சொல்வதன் பின்னால் ஒரு பிரெஞ்சுச் சொல் இருக்கிறது: ஃபூஜேர். பொருள், பெரணிச் செடி. ஊபிகான் என்ற பாரிஸ் நிறுவனம் 1882இல் வெளியிட்ட 'ஃபூஜேர் ரோயால்' என்ற நறுமணத் திரவத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கே இந்தப் பெயர் வந்தது. பெரணிக்கு அப்படியொரு மணம் கிடையாது, கற்பனைதான். உண்மையில் உள்ளே இருப்பவை லாவெண்டர், ஓக் மரத்துப் பாசி, கூமரின். கூமரினை 1868இல் வில்லியம் பெர்கின் செயற்கையாக உண்டாக்கினார். அது அறுத்துக் காயவைத்த புல்லின் மணம். பாலக்கோட்டில் மாடு வைத்திருப்பவருக்கு அது தீவனம் அடுக்கிய கொட்டகை. நகரத்திலேயே வளர்ந்தவருக்கு ஏதோ விலை உயர்ந்த சோப்பு.

மற்ற மணங்களும் இப்படித்தான் ஆளுக்கு ஆள் இடம் மாறுகின்றன. சந்தனம் மணக்கும் சோப்பு, தீர்த்தமலையில் மொட்டையடித்துத் தலையில் சந்தனம் பூசியவருக்குக் கோயில். அதே மணம் ஊதுபத்தியோடும் பன்னீரோடும் சேர்ந்து துக்க வீட்டில் பதிந்துபோனவருக்குக் காலையில் முகத்தில் பூசத் தோன்றாது. ரோஜாவும் அப்படியே: கல்யாணத்திலும் உண்டு, பாடையிலும் உண்டு. கிராம்பு சாயல் கொண்ட காரமான ஆஃப்டர் ஷேவ் வகைகளில் இருப்பது யூஜினால். பல் மருத்துவர் பல்லை அடைக்கும் மருந்திலும் அதுவே இருப்பதால், பல்வலியில் அவதிப்பட்டவர் அதை முகர்ந்ததும் தாடையைப் பிடித்துக்கொள்வார். டெட்டால் வகையின் குளோரோக்சிலினால் ஒருவருக்குச் சுத்தம், இன்னொருவருக்கு ஆஸ்பத்திரி வராந்தா. மெந்தால் தனி ஜாதி: அதில் பாதி மணமே அல்ல. தோலிலும் மூக்கிலும் குளிரை உணரும் நரம்பு வாயிலை அது திறந்துவிடுவதால் சில்லென்கிறது. சளியால் மூக்கு அடைத்திருக்கும்போதும் மெந்தால் சோப்பு 'தெரிவது' அதனால்தான்.

எல்லாவற்றையும் நினைவின் தலையில் கட்டிவிடக் கூடாது. மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் வேலை செய்கின்றன. அவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பிகள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறுபடும். வயலட் பூ மணம் தரும் பீட்டா அயனோன், ஒரே ஒரு ஏற்பி மரபணுவின் வேறுபாட்டால் சிலருக்கு இனிய பூவாகவும் சிலருக்குப் புளித்த காடியாகவும் படுகிறது. சில செயற்கைக் கஸ்தூரி வகைகள் சிலருக்கு மணப்பதே இல்லை. கடைக்காரர் "நல்லா வாசனையா இருக்கே" என்று சொல்ல, வாங்குபவர் "ஒண்ணுமே தெரியலையே" என்றால் இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

அளவும் மணத்தைப் புரட்டிப் போடும். மல்லியில் இண்டோல் என்ற பொருள் உண்டு. துளி அளவில் அது பூவுக்கு உயிர். அளவு கூடினால் அழுகலும் மலமும் நினைவுக்கு வரும். தருமபுரியில் குண்டுமல்லி பறித்துக் கட்டும் வீடுகளில் மூடிய அறையில் கூடையை வைத்தால் தலைவலிக்கிறது என்பதும் அளவின் வேலைதான். மல்லி மணச் சோப்பைக் குழைத்து முகம் முழுக்கப் பூசும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும்: மூக்குக்கு அரை அங்குலம் கீழே நுரை நிற்கிறது.

பழக்கம் எதிர்த்திசையில் வேலை செய்யும். ஒரே மணத்தில் சில நிமிடம் இருந்தாலே மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். பட்டுக்கூடு வேகவைத்து நூலெடுக்கும் இடத்தில் வேலை செய்பவருக்கு அந்த வாடை தெரியாது. உள்ளே நுழைகிறவர் மூக்கைப் பொத்துவார். சலூனில் நாள் முழுக்க நிற்பவருக்கும் தன் கடையின் வாசனை தெரியாது. ஆகவே எந்தச் சோப்பு வாங்கலாம் என்று அவரைக் கேட்பதானால் நுரையைப் பற்றிக் கேளுங்கள், மணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மணப் புகார்களில் ஒரு பங்கு உண்மையில் தண்ணீர்ப் புகார். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் கடினம். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பின் ஸ்டியரேட்டைப் பிடித்துக் கரையாத வெள்ளைத் திப்பியாக்கும். நுரை வராது. நுரை வரவில்லை என்று இன்னும் சோப்பை எடுப்போம். மணப்பொருள் இரண்டு மடங்காகும். "சோப்பு ஓவரா அடிக்குது" என்போம். அதோடு, பிரஷின் அடி மயிரில் திப்பி தேங்கும். நாளடைவில் அது காறி, எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கும். புதுச் சோப்பின் மேல் விழும் பழி பெரும்பாலும் பழைய பிரஷுக்குரியது. ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டு, பிரஷின் மயிரை மட்டும் 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, மயிர் கீழ்நோக்கி இருக்குமாறு தொங்கவிட்டால் சரியாகிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் நுரைக்கு அந்தத் தண்ணீரில் கால் தம்ளர் போதும். கொதிக்கவைத்தால் கடினத்தில் ஒரு பகுதிதான் போகும். ஆறவிட்டு மேலாகத் தெளிந்ததை எடுக்க வேண்டும்.

மணத்தைச் சோதிக்கும் முறை எளிது. பெரும்பாலோர் முதல் படியிலேயே நிறுத்திவிடுவதுதான் தவறு. கடையில் மூடியைத் திறந்து முகர்வது காய்ந்த மணம். அதில் முந்திக்கொண்டு வருவது எலுமிச்சை போன்ற சீக்கிரம் பறக்கும் பொருள்கள். வீட்டில் கொண்டைக்கடலை அளவு கிரீமை 2 தேக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் 1 நிமிடம் குழைத்தால் எழுவது நுரை மணம். தண்ணீர் சூடு கூடினால் மேல்மணம் குழைக்கும்போதே பறந்துவிடும், பிறகு அடிமணம் மட்டும் கனமாக நிற்கும். கழுவித் துடைத்து 10 நிமிடம் கழித்துக் கன்னத்தில் நிற்பது மூன்றாவது. பிடிக்கிறதா இல்லையா என்பதை மூன்றாவதை வைத்து முடிவு செய்யுங்கள். பகல் முழுக்கக் கூட வருவது அதுதான். ஒரே நேரத்தில் மூன்று சோப்புக்கு மேல் முகர வேண்டாம். இடையில் காப்பிக்கொட்டை முகர்வது வெறும் காற்றைவிட அதிகமாக உதவுவதில்லை. கடைக்கு வெளியே வந்து நின்றாலே போதும்.

சோப்பு காரத்தன்மை உடையது என்பதால் எலுமிச்சை மணம் மாதங்கள் செல்லச் செல்ல மங்கும். வெனிலா மணப்பொருள் உள்ள வெள்ளைக் கட்டி பழுப்பேறும். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. சிக்கு வாடைதான் அடையாளம்.

பிடிக்காமை வேறு, ஒவ்வாமை வேறு. முகம் சுளிப்பது முதலாவது. சிவந்து, அரித்து, பொரிப்பொரியாக எழும்புவது இரண்டாவது. கிராம்பின் யூஜினால், பட்டையின் மணப்பொருள், ஓக் பாசி, காற்றுப்பட்டுப் பழைதான லாவெண்டர் மணப்பொருள் ஆகியவை இதில் பேர்போனவை. சந்தேகம் இருந்தால் முழங்கையின் உட்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு நுரையைத் தடவி, 5 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். நாளுக்கு இரு முறை, 7 நாள். ஒன்றும் எழும்பவில்லை என்றால் முகத்துக்குப் போகலாம். எழும்பினால் சோப்பை மாற்றி, தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கத்தி பட்ட தோலில் எரிவது மட்டும் ஒவ்வாமையாகிவிடாது.

தமிழில் என்ன சொல்லலாம்? சோப்புக்குத் தனித்தமிழில் வழலை என்பார்கள். இலங்கையில் சவர்க்காரம் இன்றும் புழக்கத்தில் உள்ளது. சவர்க்காரத்தில் சவரம் ஒளிந்திருப்பதுபோல் தெரிவது தற்செயல். துணி துவைப்பதற்கும் அதே சொல்தான். 'மழிப்பு வழலை' இலக்கணப்படி பழுதில்லாதது, கட்டுரைக்கு ஆகும். கிருஷ்ணகிரி ரவுண்டானா அருகே கடையில் கேட்டால் கடைக்காரர் திரும்பக் கேட்பார். சவரச் சோப்பு போதும். மணத்துக்கோ நம்மிடம் பஞ்சமில்லை: சோப்பின் இயல்பைச் சொல்ல மணம், அது நமக்குள் எழுப்புவதற்கு வாசனை, வேண்டாத போது வாடை, தாங்க முடியாத போது வீச்சம், எண்ணெய் காறினால் சிக்கு. 'சலூன் வாசனை'யை 'முடிதிருத்தக நறுமணம்' என்று பெயர்ப்பது மட்டும் தவறு. நறுமணம் என்றதும் பிடிக்காதவரின் பாதி விடுபட்டுப்போகிறது.

உறையில் 'மணமற்றது' என்று தமிழில் அச்சிட்டிருந்தாலும் ஒரு கண் வைக்க வேண்டும். கொழுப்பின் இயல்பான வாடையை மறைக்க வேறொரு மணப்பொருள் சேர்த்து, இரண்டும் ஒன்றையொன்று அமுக்கிய பிறகும் அப்படி எழுதலாம். ஒவ்வாமை உள்ளவர் தேட வேண்டியது 'மணப்பொருள் சேர்க்கப்படாதது' என்ற சொற்றொடரை. அது இல்லையென்றால் பின்பக்கப் பொருள் பட்டியலில் பர்ஃப்யூம், ஃபிராக்ரன்ஸ் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் கடைசி வரிக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும்.