ஈயம் இருக்கிறது, சரி, கரையுமா?

புகைமூட்டம் வந்தால் எனக்குக் கேள்விகளும் வந்துவிடும். சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “காற்றுத் தூசியில் ஈயம், நிக்கல் எல்லாம் இருக்கிறதாமே, அத்தனையும் ரத்தத்தில் கலந்துவிடுமா?”

கலக்காது. முதலில் அது கரைய வேண்டும்.

வயிற்று எக்ஸ்ரேக்கு முன் சிலருக்குச் சுண்ணாம்புத் தண்ணீர்போல ஒன்றைக் குடிக்கக் கொடுப்பார்கள். அது பேரியம் சல்ஃபேட். ஒரு டம்ளர் குடித்தாலும் அப்படியே வெளியே போய்விடும். அதன் பங்காளி பேரியம் கார்பனேட்டோ எலி மருந்து! உலோகம் ஒன்றுதான். முன்னது வயிற்று அமிலத்தில் கரையாது, பின்னது கரையும். நம் விரைவுச்சாலைத் தூசியிலும் பேரியம் உண்டு. பிரேக் தேயும்போது வருவது, பெரும்பாலும் சல்ஃபேட் வகை. தீபாவளிக் கம்பி மத்தாப்பு மருந்தில் இருப்பது பேரியம் நைட்ரேட். அது தண்ணீரிலேயே கரையும், பிள்ளைகளைக் கை கழுவச் சொல்லுங்கள்.

தூசியில் உள்ள உலோகத்தை வழக்கமாக அளக்கும் முறை எளிது. காற்றை ஒருநாள் முழுக்க வடிதாள் வழியே இழுத்து, படிந்ததைக் கடும் அமிலத்தில் கரைத்து, ஆர்கான் பிளாஸ்மா என்ற, மிகக் கடுமையாகச் சூடேற்றிய வாயுவுக்குள் செலுத்தி அளக்க வேண்டும். மொத்தக் கணக்கு கிடைத்துவிடும். ஆனால் யார் நுரையீரலிலும் நைட்ரிக் அமிலம் கொதிப்பதில்லையே! அதனால் வடிதாளில் ஒரு துண்டை வெட்டிச் செயற்கை நுரையீரல் நீரில் போடுகிறார்கள். உப்புகளும் சிட்ரேட்டும் (எலுமிச்சை அமிலத்தின் உப்பு) கலந்த இதற்குக் கேம்பிள் கரைசல் என்று பெயர், பிஎச் 7.4. பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும். உடல் சூடான 37 டிகிரியில் 24 மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, நீரில் இறங்கியதை மட்டும் அளப்பார்கள். கப்பல் எண்ணெய்ப் புகையிலிருந்து வரும் வனேடியம் சுலபமாக இறங்கிவிடும். ஈயம் பெரும்பாலும் அசையாது.

அப்பாடா என்று இருந்துவிட முடியாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நுரையீரலின் காற்றறைகளில் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் உலவுகின்றன. அந்நியமாக எது வந்தாலும் விழுங்கி, லைசோசோம் என்ற அமிலப் பைக்குள் தள்ளிவிடும். கிருமியாக இருந்தால் கதை முடிந்தது. துகளுக்குச் சாக உயிரேது? அந்தப் பைக்குள் பிஎச் சுமார் 4.5, அதாவது வெளியே இருப்பதைவிட அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகள் ஏறக்குறைய 800 மடங்கு. வெளியே கல்லாகக் கிடந்த ஈயம் இங்கே இளகி இறங்குகிறது. இந்தப் பையைப் போலச் செய்த கரைசலில் சிட்ரேட்டும் நிறைய இருக்கும். உலோக அயனியை அது இடுக்கிப் பிடித்துக்கொள்ளும். இப்படிப் பிடிப்பதற்குக் ‘கிலேட்’ என்று பெயர், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வேலி பயிரை மேயவில்லை. பயிரைக் காக்கப் போய் நஞ்சை அவிழ்த்துவிடுகிறது.

ஆக ஒரே தூசிக்கு இரண்டு விடை. இதில் எனக்கு ஒரு மனக்குறை: ஆய்வகத்துக்கு ஆய்வகம் கரைசலின் செய்முறையும் குலுக்கும் நேரமும் மாறுவதால் முடிவுகளை ஒப்பிட முடிவதில்லை. விலை உயர்ந்த கருவி வாங்க நிதி தருபவர்கள் இந்தச் சமையல் குறிப்பை ஒழுங்குபடுத்தவும் கொஞ்சம் தரலாம்.

அப்புறம், வெல்லம் சாப்பிட்டால் நுரையீரல் தூசி போய்விடும் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் வரும் செய்தி. வெல்லம் போகும் குழாய் வேறு, தூசி போகும் குழாய் வேறு. ஒன்று மட்டும் உண்மை: பெரிய துகள்கள் சளியோடு மேலேறித் தொண்டைக்கு வர, நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். அதற்காகச் சில ஆய்வகங்களில் மூன்றாவது புட்டியும் உண்டு. அதில் இருப்பது செயற்கை வயிற்று நீர், பிஎச் சுமார் 1.5. பேரியம் கார்பனேட் தன் வேலையைக் காட்டும் இடம்.