பூத் மானிட்டரைக் கூட்டிக்கொண்டே போகும் டீஜேக்களுக்கு

அந்த டீஜே என்னிடம் வந்தது காது கேட்கவில்லை என்று அல்ல. மாஸ்டரிங் செய்பவர், அதாவது வெளியிடும் முன் ட்ராக்கைக் கடைசியாகச் சீர்செய்பவர், இவர் தயாரித்த ட்ராக்கைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். ஹை-ஹாட் (டிரம்மில் ‘ட்ஸ்’ என்று ஒலிக்கும் தாளத் தட்டு) காதைக் கிழிக்கிறது, குறைத்து அனுப்பு என்று ஒரே வரி. ஒரு தடவை என்றால் பரவாயில்லை, மூன்றாவது ட்ராக்குக்கும் அதே பேச்சு. “எனக்குச் சரியாத்தான் கேக்குது, அவருக்குத்தான் என்னவோ” என்று சொல்லிக்கொண்டே பரிசோதனை அறைக்குள் போய் உட்கார்ந்தார்.

சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் பரிசோதனை. 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் வரை டக் டக்கென்று அழுத்தினார். 4000க்கு வந்ததும் இடது காதில் அமைதி. ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன். 45 டெசிபலில்தான் விரல் அசைந்தது. 8000இல் மறுபடி நன்றாகக் கேட்டது. காது கேட்கும் அளவைக் காட்டும் வரைபடமான ஆடியோகிராமில் அந்த ஓர் இடம் மட்டும் பள்ளமாக விழுந்திருந்தது. எந்தக் காதில் ஹெட்போனை அழுத்திப் பிடித்து அடுத்த ட்ராக்கை க்யூ செய்வீர்கள், அதாவது முன்கூட்டிக் கேட்டுப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். இடது காது.

ஆக, மாஸ்டரிங் செய்தவர் சொன்னது சரி. தனக்குக் குறைவாகக் கேட்ட பகுதியை இவர் ட்ராக்கில் தூக்கி வைத்திருக்கிறார். இசை தயாரிப்பவருக்குக் காது கெடத் தொடங்கினால் அது பேச்சு கேட்பதில் தெரிவதற்கு முன்பே மிக்ஸில், அதாவது அவர் ஒலிகளைக் கலந்து அமைக்கும் விதத்தில் தெரிந்துவிடலாம்.

“நாங்க போடுறது பேஸ்தானே மேடம், ஹை ஏன் போச்சு?” என்று பலரும் கேட்பார்கள். பேஸ் என்பது தாழ்ந்த ஒலி, ஹை என்பது உயர்ந்த ஒலி, ஆகவே நியாயமான கேள்விதான். நம் காதுக்குழாய் ஒரு சின்னக் குழல் மாதிரி, 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வரும் ஒலியைத் தானே பெருக்கி உள்ளே அனுப்பும். அடி விழுவது அதற்குச் சற்று மேலே, 4000 வாக்கில். பேஸ் எவ்வளவு இருந்தாலும் முதல் பள்ளம் பெரும்பாலும் அங்கேதான் விழும். உட்காதில் ஒலியை வாங்குகிற மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. செத்தால் மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிலிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி. 100க்கு வந்தால் 15 நிமிடம். அந்த அளவில் இரண்டு மணி நேரம் செட் வாசித்தால் எட்டு நாள் ஒதுக்கீட்டை ஒரே இரவில் தீர்த்தாயிற்று. உலக சுகாதார அமைப்பு 2022இல் நிகழ்ச்சி அரங்குகளுக்குச் சொன்ன உச்சவரம்பும் 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல்தான். ஆனால் அது எப்போதாவது ஆட வருகிற கூட்டத்தை மனதில் வைத்துச் சொன்னது. வாரத்தில் நான்கு ராத்திரி பூத்தில் நிற்பவருக்கு அது பாதுகாப்பு எல்லை ஆகாது.

இன்னொரு சிக்கல், காது களைத்துப்போனால் அது நமக்குத் தெரியாது. சத்தம் குறைந்த மாதிரிதான் தோன்றும். உடனே கை பூத் மானிட்டர் குமிழுக்குப் போகும், அதாவது டீஜே கேட்பதற்காக அவர் பக்கத்தில் வைத்திருக்கும் ஸ்பீக்கரின் குமிழுக்கு. மானிட்டர் ஏறினால் ஹெட்போனும் ஏற வேண்டும், இல்லாவிட்டால் பீட் பிடிபடாது. அப்புறம் மறுபடி மானிட்டர். சவுண்ட் செக் முடிந்ததும் குமிழ் நிற்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஒரு மணி நேரம் கழித்துக் குமிழ் டேப்பைத் தாண்டியிருந்தால், ஸ்பீக்கரில் ஒன்றும் மாறவில்லை, உங்கள் காதுதான் இறங்கியிருக்கிறது.

அதே ராத்திரி வீட்டுக்கு வந்து மிக்ஸ் செய்ய உட்காருவதைப் போல வீண் வேலை வேறில்லை. ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

இயர்பிளக் என்றாலே முகம் சுளிப்பார்கள். பஞ்சு மாதிரி இருக்கும் மலிவான ஃபோம் பிளக் ஹை பகுதியைத்தான் அதிகம் அடைக்கும், எல்லாம் போர்வைக்குள் கேட்பது போல மங்கிவிடும் என்பது உண்மையே. இசைக்கலைஞர்களுக்கென்று ஃபில்டர் வைத்த பிளக் வேறு. காதுக்குள் சிலிக்கான் வைத்து அச்செடுத்துச் செய்வது. 9, 15, 25 டெசிபல் என்று ஃபில்டர்கள் கிடைக்கும், எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். 15 டெசிபல் ஃபில்டர் சரியாகப் பொருந்தினால் 100 என்பது 85 ஆகும், மேலே சொன்ன 15 நிமிடம் 8 மணி நேரமாக நீளும். முதல் சில நாள் அந்நியமாக இருக்கும். மேடையில் முதன்முதலாகப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தூக்கிப் போடாமல், வீட்டில் பயிற்சி செய்யும்போதே போட்டுப் பழகுங்கள். மிக்ஸரில் ஸ்பிளிட் க்யூ இருந்தால் அதையும் பழகிக்கொள்ளுங்கள். க்யூ ஒரு காதிலும் கூட்டத்துக்குப் போகும் மாஸ்டர் ஒலி மறு காதிலும் ஹெட்போனிலேயே வந்துவிடும், பூத் மானிட்டரோடு போட்டி போட வேண்டியதில்லை.

இந்தத் தொழிலுக்குள் நுழையும்போதே ஒரு ஆடியோகிராம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். முடிந்தால் 8000க்கு மேலேயும் சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு வருடம் ஒருமுறை எடுத்து ஒப்பிட்டால் போதும். என்னிடம் வந்தவரிடம் பழைய ஆடியோகிராம் எதுவும் இல்லை. அந்தப் பள்ளம் எப்போது விழுந்தது, இன்னும் ஆழமாகிக்கொண்டிருக்கிறதா என்று அவர் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால், குரும்பிதான் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அடுத்த ஷோ முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே காது மருத்துவரைப் பாருங்கள். உட்காதில் கோளாறு என்றால் ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அந்தளவுக்குக் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு உண்டு.