மின்வினையூக்கி: வேகத்தை மாற்றுவதா, வழியைத் தேர்வதா?

மின்முனையில் நடக்கும் வேதிவினையைத் தூண்டி நடத்தும் பொருளான எலக்ட்ரோகேட்டலிஸ்ட் என்பதை ‘மின்வினைவேகமாற்றி’ என்று எழுதுவது நின்றபாடில்லை. பாடநூலில் வினைவேகமாற்றி என்று படித்தாயிற்று, முன்னால் ‘மின்’ ஒட்டினால் வேலை முடிந்தது என்ற நினைப்பு.

‘கேட்டலிஸ்ட்’ என்ற சொல்லின் மூலம் கிரேக்கம், அவிழ்த்தல், தளர்த்தல் என்று பொருள். 1835இல் சுவீடனின் பெர்சீலியஸ் அதை வேதியியலுக்குள் கொண்டுவந்தார். வேகம் என்ற பேச்சே அந்தச் சொல்லில் இல்லை.

மாற்றி என்றால் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். வினையைத் தடுக்கும் பொருளும் அந்தப் பெயருக்குள் நுழைந்துவிடும். மின்வேதியியலில் கோளாறு இன்னும் பெரிது. அங்கே மின்னோட்டம்தான் வினைவேகம். டாஃபெல் சரிவு (வேகம் பத்து மடங்காகத் தேவைப்படும் மின்னழுத்த உயர்வு) 120 மில்லிவோல்ட் என்றால், மின்முனையைத் தொடாமல் மின்னழுத்தத்தை மட்டும் 120 மில்லிவோல்ட் ஏற்றினாலே வேகம் பத்து மடங்காகும். அப்படிப் பார்த்தால் வினைவேகமாற்றி என்ற பட்டம் மின்முனையின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பொட்டென்ஷியோஸ்டாட் கருவிக்குத்தான் போக வேண்டும்!

வினை எந்த வழியில் போகும் என்பதில்தான் மின்முனைப் பொருளின் கைவண்ணம் தெரியும். அமிலக் கரைசலில் எத்திலீனைப் பிளாட்டினத்தின்மேல் ஆக்சிஜனேற்றினால் இரு கார்பன்களுக்கு இடையிலான பிணைப்பு உடைந்து கார்பன் டை ஆக்சைடாகிவிடும். மூலக்கூறுக்கு 12 எலக்ட்ரான். பல்லேடியத்தில் அந்தப் பிணைப்பு தப்பும். பெரும்பாலும் அசிட்டால்டிஹைடு கிடைக்கும், 2 எலக்ட்ரான்தான். அவசரப்பட்டு மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் பல்லேடியத்தின்மேல் ஆக்சைடு படர்ந்து மின்னோட்டம் விழுந்துவிடும்.

‘வினையூக்கி’ என்றால் ‘எந்த வினையை?’ என்ற கேள்வி சொல்லிலேயே எழுகிறது. அதனால்தான் அது மேல். இலங்கை வழக்கான ‘ஊக்கி’ அழகாகச் சுருங்கியதுதான். ஆனால் ‘மின்னூக்கி’ என்று ஆக்கினால் மின்சாரத்தை ஊக்குவது என்றாகிவிடும். நடுவில் ‘வினை’ இருந்தே ஆக வேண்டும்.

செலக்டிவிட்டிக்கு, அதாவது பல விளைபொருள்களில் ஒன்றையே அதிகம் தரும் இயல்புக்கு, ‘தேர்திறன்’ போதும். ‘தேர்ந்தெடுக்கப்பட்ட ஆக்சிஜனேற்றம்’ என்று எழுதுகிறார்களே, யார் தேர்ந்தெடுத்தது, எந்தக் குழு கூடி? தேர்வது வினையூக்கி, செயப்பாட்டுவினைக்கு அங்கே இடமே இல்லை. இதைவிட மோசம், தேர்திறனையும் மின்னோட்டத் திறனையும் (கடந்த எலக்ட்ரான்களில் வேண்டிய பொருளுக்கான பங்கு) ஒன்றாக்கிச் ‘செயல்திறன்’ என்று பூசி மெழுகுவது. 100 எத்திலீன் மூலக்கூறுகளில் 90 அசிட்டால்டிஹைடாகவும் 10 கார்பன் டை ஆக்சைடாகவும் மாறினால் கார்பன் கணக்கில் தேர்திறன் 90%. எலக்ட்ரான் கணக்கில் அசிட்டால்டிஹைடுக்கு 180, கார்பன் டை ஆக்சைடுக்கு 120, மொத்தம் 300; ஆக மின்னோட்டத் திறன் 60%தான். ‘செயல்திறன் 90%’ என்று படிப்பவர் மின்கட்டணத்தைத் தப்பாகப் போடுவார்.

அளக்கும்போதும் கவனம் வேண்டும். அசிட்டால்டிஹைடு சுமார் 20 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. குமிழியிடும் எத்திலீனோடு கலத்தைவிட்டுப் போய்விடும். வெளிவாயுவைப் பனிக்கட்டியில் அமிழ்த்திய நீர்க்குடுவை வழியே விட்டுப் பிடிக்காவிட்டால், காணாமல் போன எலக்ட்ரான்களுக்கெல்லாம் பழி கார்பன் டை ஆக்சைடின்மேலோ நீரிலிருந்து வரும் ஆக்சிஜன்மேலோ விழும்.