பொட்டிக் என்றால் கடைதானே?

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், அத்திலாந்திக் கடந்து பறக்கும் சிறு விமான நிறுவனங்கள் பற்றிய செய்தி ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டுவந்தார். ‘பொட்டிக் எயார்லைன்’ (boutique airline) வரவேண்டிய இடத்தில் ‘கடை விமான சேவை’ என்று இருந்தது. சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், கொழும்பில் வளர்ந்த பிள்ளை வேறு எப்படி எழுதும்?

நமது ஊர் ஆங்கிலத்தில் ‘டீ பொட்டிக்’ என்றால் தேத்தண்ணிக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் வடையும் பணிசும், சுவரோரம் ஒரு வாங்கு, கிளாசில் பிளேன்டீ. சொல்லின் எழுத்துத்தான் பிரெஞ்சு. இங்கே வந்த வழி போத்துக்கேயரின் ‘பொட்டிக்கா’. கதிரை, சப்பாத்து, அலுமாரி, தவறணை என்று அவர்களிடம் அள்ளி எடுத்த தமிழ், இதை மட்டும் தொடவில்லை. கடை என்ற சொல் நம்மிடமே இருந்ததே! சிங்களத்தின் ‘கடே’யும் தமிழிலிருந்து போனதுதான்.

பொட்டிக்கின் மூலம் கிரேக்கத்தில் ‘அப்போதேக்கே’, அதாவது பொருளை ஒதுக்கி வைக்கும் களஞ்சியம். ஸ்பானிய ‘பொதேகா’ இதன் சகோதரம். அந்தக் காலத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த அப்போதிக்கரி ஐயாவும் இதே குடும்பம்.

பாரிஸின் ஆடை வடிவமைப்பாளர்கள் தங்கள் சின்னக் கடைகளுக்கு இந்தப் பெயரை வைத்த பிறகு, ‘சின்னது’ என்பதோடு ‘விலை கூடியது’ என்ற வாசனையும் ஏறிக்கொண்டது. 1980களில் ஹோட்டல்களுக்குப் போய், பிறகு விமானத்திலும் ஏறியது.

விமானத்தில் அதன் பொருள் இதுதான்: இரண்டு மூன்று விமானங்கள், ஓரிரு வழித்தடங்கள், எல்லாம் வணிக வகுப்பு இருக்கைகள். சாதாரணமாக 200 பேர் போகும் போயிங் 757 இல் இயோஸ் நிறுவனம் 48 இருக்கைகளே வைத்தது. பிரான்சின் லா கொம்பனி 2014 இல் பாரிஸிலிருந்து நியூவார்க்குக்குத் தொடங்கியபோது அதே ரக விமானத்தில் 74. பழைய விமானத்தைக் குத்தகைக்கு எடுத்தால் மாத வாடகை குறைவு. ஆனால் எண்ணெய் கூடக் குடிக்கும், ஒன்று பழுதானால் அன்றைய அட்டவணையே போச்சு. எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில், 2007 டிசம்பருக்கும் 2008 மே மாதத்துக்கும் இடையில், மேக்ஸ்ஜெட், இயோஸ், சில்வர்ஜெட் என்ற இந்த ரக நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்துச் சேவையை நிறுத்தின. லா கொம்பனி தப்பி, 2019 இல் புதிய எயார்பஸ் ஏ321 நியோவுக்கு மாறியது.

சரி, தமிழில் என்ன? ‘சிறு விமான சேவை’ என்றால் உள்ளூரில் பறக்கும் குட்டி விமானம் நினைவுக்கு வரும். ‘சொகுசு’ மட்டும் போட்டால் வளைகுடாவின் பெரிய நிறுவனங்களும் உள்ளே வந்துவிடும். இரண்டையும் சேர்த்து ‘சிறு சொகுசு விமான சேவை’ என்பதே என் தெரிவு. உடுப்புக் கடைக்கு வேண்டுமானால் பொட்டிக் என்றே இருக்கட்டும். வெள்ளவத்தையில் யாரும் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

தம்பி ‘லீசிங்’ என்று எழுதிய இடத்தையும் குத்தகை என்று திருத்தினேன். லீசிங்கில் எடுத்த ஓட்டோ, காசு கட்டி முடிந்ததும் நமதாகிவிடும். இந்த விமானங்களைக் குத்தகைக் காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும், குத்தகைக்கு எடுத்த வயலைப் போல.