தொண்ணூறு விழுக்காடு முடிந்ததாம், எதில்?

கோலாலம்பூர் கட்டுமானத் திட்டங்களில் துணைக் குத்தகையாளர்கள் அனுப்பும் முன்னேற்ற மெமோக்களைப் படிப்பது கியூ.எஸ். (முடிந்த வேலையை அளந்து பில்லைச் சரிபார்க்கிறவர்) ஆன என் வேலையில் பாதி. நம் பையன்கள் சைட்டில் கெட்டிக்காரர்கள். மெமோ என்று வந்தால் மட்டும் பலர் டைரி எழுதுகிறார்கள். திங்கட்கிழமை சாமான் வந்தது, செவ்வாய் மழை, புதன் மீட்டிங் என்று இரண்டு பக்கம் ஓடும். வேலை தேதிக்குள் முடியுமா என்று தேடுகிறவருக்கு அதில் பதில் இருக்காது.

அந்தப் பதில் முதல் மூன்று வரியிலேயே வந்துவிட வேண்டும். இப்படி: “12ஆம் மாடி மின்கம்பி வேலை 65% முடிந்தது, திட்டப்படி 80% ஆகியிருக்க வேண்டும். சீலிங் வரைபடத்துக்கு 3ஆம் தேதி ஒப்புதல் கேட்டோம், இன்னும் வரவில்லை. 17ஆம் தேதிக்குள் கிடைத்தால் மாதக் கடைசிக்குள் ஈடுகட்டிவிடுவோம்; இல்லையென்றால் மாடியை ஒப்படைப்பது ஒரு வாரம் தள்ளும்.” இதைப் படிக்கிற மேனேஜருக்கு யாரைக் கூப்பிட்டு விரட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். “வரைபடம் தொடர்பாகப் பேசி வருகிறோம்” என்று எழுதினால் யாரும் போனைக் கையில் எடுக்க மாட்டார்கள்.

அடுத்து இந்த விழுக்காடு. 90% என்று எழுதுகிறார்கள், எதில் 90%? கம்பியை மீட்டர் கணக்கில் அளந்தால் இழுக்கிற வேலை சீக்கிரம் ஏறிவிடும். அப்புறம் முனைகளை இணைக்க வேண்டும், சோதிக்க வேண்டும், பிழை வந்தால் திருத்த வேண்டும். நாள் பிடிப்பதெல்லாம் அந்தக் கடைசிப் பகுதிதான். அதனால்தான் போன மாதம் 90%, இந்த மாதம் 92%, அடுத்த மாதமும் 95% என்று வேலை நகராமல் நிற்கிறது. “இழுத்தது 90%, இணைத்தது 40%, சோதித்தது எதுவும் இல்லை” என்று பிரித்து எழுதினால் பார்க்கக் கொஞ்சம் கேவலமாகத்தான் இருக்கும். ஆனால் நம்புவார்கள்.

நம்பிக்கையோடு பணமும் இதில் இருக்கிறது. மெமோவில் 70% என்று எழுதிவிட்டு, அதே மாதத்துப் பில்லில் 85% கேட்டால் நான் எந்த எண்ணைப் பிடித்துக்கொள்வேன்? என் வேலையே அதுதானே! இரண்டையும் வேறு வேறு ஆள் தயாரிக்கும் கம்பெனிகளில் இது சர்வ சாதாரணம். அனுப்பும் முன் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு பார்வை பாருங்கள்.

தாமதத்தை மெமோவில் குறிப்பிட்டுவிட்டோம், அது போதும் என்று நினைப்பது ஆபத்து. மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கம் வெளியிட்ட பாம் (PAM) 2018 மாதிரி ஒப்பந்தத்தில் கால நீட்டிப்புக் கேட்கிற முக்கியக் குத்தகையாளர், தாமதக் காரணம் தொடங்கிய 28 நாளுக்குள் கட்டடக் கலைஞருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்கள் துணை ஒப்பந்தத்தில் என்ன கெடு என்று பார்த்து, அதற்குத் தனிக் கடிதம் போடுங்கள். மெமோவில் அந்தக் கடிதத்தின் தேதி இருந்தால் போதும். மழையைக் காரணம் காட்டினால் எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எந்த வேலை நின்றது என்று வேண்டும். இந்த ஊரில் சாயங்கால மழை யாருக்கும் புதிதில்லை, வெறுமனே “மழை” என்றால் சிரிப்பார்கள்.

கட்டுமானப் பணத் தகராறுகளை நடுவர் வைத்துத் தீர்க்கும் சிப்பா (CIPAA) சட்டம் 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. உங்கள் தகராறு அதன்படி நடுவரிடம் போனால் அவர் பெரும்பாலும் காகிதங்களை வைத்தே தீர்ப்புச் சொல்கிறார், அதுவும் இரு தரப்புப் பதில்களும் வந்தபின் 45 வேலை நாளுக்குள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் உதவும்தான், ஆனால் தேதியிட்ட மெமோ வரிசையாக இருக்கிறவரின் கை ஓங்கியிருக்கும்.

பெருநாள் விடுமுறைகளையும் முன்கூட்டியே எழுதுங்கள். சீனப் புத்தாண்டுக்குச் சப்ளையர் கடையை அடைப்பதும், ஹரி ராயாவுக்கு ஆட்கள் ஊருக்குப் போவதும் காலண்டரில் இருக்கிற விஷயம். அதை நடந்தபின் காரணமாகச் சொன்னால் யார் கேட்பார்கள்?

எப்போது அனுப்புவது? வெள்ளி மத்தியானம் வேண்டாம். தொழுகை நேரம் முடிந்து ஆட்கள் திரும்புவதற்குள் வார இறுதி மனநிலை வந்துவிடும். வியாழன் மாலைக்குள் அனுப்பினால், ஒப்புதல் தர வேண்டியவரை விரட்ட மறுநாள் காலை முழுதாகக் கிடைக்கும்.